குழுவாக ஹிரோஷிமாவும் மியாஜிமாவும்: மூன்று நாள் பயணத்தை எந்த வரிசையில் திட்டமிடுவது? முழுமையான வழிகாட்டி

எட்டிலிருந்து பதினாறு பேர் வரை, மூன்று தலைமுறையும் கலந்து ஹிரோஷிமா போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு பேர் போனால் எந்த வரிசையில் போனாலும் சமாளித்துவிடலாம். பன்னிரண்டு பேருக்கு அப்படி நடக்காது. ரயில் பெட்டி, ரோப்வே கூண்டு, உணவகத்து மேசை என்று ஒவ்வொன்றும் இத்தனை பேருக்குத்தான் என்று முன்பே முடிவாகி இருக்கிறது. மியாஜிமா தீவில் கடல்நீரே நேரம் வைத்து ஏறுகிறது, வற்றுகிறது. நகராதவற்றை முதலில் குறித்துக்கொண்டு, மனிதர்களை அவற்றைச் சுற்றிப் பொருத்த வேண்டும். புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் விமான டிக்கெட்டையும் ஓட்டலையும் முதலில் முடித்துவிட்டு, கடலை மறந்துவிடுகிறார்கள்.

1. குழுவை நான்கு நான்காகப் பிரியுங்கள்

சாதாரண ஜப்பானிய டாக்ஸியில் பயணிகள் நால்வர்தான் உட்காரலாம். மியாஜிமா ரோப்வேயின் முதல் கூண்டில் எட்டுப் பேர். ஒக்கோனோமியாகி என்ற தோசைபோன்ற உணவை விற்கும் கடைகளின் இரும்புத்தட்டு மேடை முன்னால் ஒரே நேரத்தில் நான்கைந்து இருக்கை காலியாக இருந்தாலே அதிர்ஷ்டம். நால்வரை ஓர் அலகாக வைத்துக்கொண்டால் எல்லா இடத்திலும் கணக்கு ஒத்துவரும்.

ஒவ்வொரு நால்வருக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் கைபேசியில் இணையம் இருக்க வேண்டும், ஓட்டலின் பெயர் ஜப்பானிய எழுத்தில் சேமித்திருக்க வேண்டும். மெதுவாக நடப்பவர்களை ஒவ்வொரு நால்வருக்கும் ஒருவராகப் பங்கிட்டுக் கொடுப்பது நியாயம்போலத் தெரியும். ஆனால் அப்படிச் செய்தால் மொத்தக் குழுவும் மெதுவாகிவிடும், பெரியவர்களுக்கும் ‘நம்மால்தான் எல்லோருக்கும் தாமதம்’ என்ற சங்கடம். அவர்களை ஒரே நால்வராக்கி, பொறுமையான ஓர் இளையவரைச் சேர்த்து, அவர்களுக்கென்று சற்று வேறு பாதை போட்டுக் கொடுங்கள். சேர்ந்து பார்க்க வேண்டியவற்றுக்கு மட்டும் எல்லோரும் கூடினால் போதும்.

2. தேதியை நாட்காட்டியில் நிலவு பார்த்துக் குறியுங்கள்

இந்தப் பயணத்தின் மையம் இத்சுகுஷிமா கோயிலும் அதன் முன்னால் கடலில் நிற்கும் பெரிய தோரி வாயிலும். இப்போதுள்ள வாயில் 1875-இல் நிறுத்தப்பட்டது. உயரம் சுமார் 16 மீட்டர். தரையில் புதைக்கப்படாமல் தன் எடையாலேயே நிற்கிறது. நீர் ஏறியிருக்கும்போது கோயிலும் வாயிலும் மிதப்பதுபோல் தெரியும். வற்றியிருக்கும்போது வாயிலின் அடிவரை நடந்து போகலாம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியும், சரியான நாளைத் தேர்ந்தெடுத்தால்.

தீவின் சுற்றுலாச் சங்கம் ஆண்டு முழுமைக்குமான நீர்மட்ட அட்டவணையை இணையத்தில் வெளியிடுகிறது. அதில் 250 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கோயில் மிதக்கும் காட்சி கிடைக்கும். 100-க்குக் கீழே இருந்தால் வாயில்வரை நடக்கலாம். இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு அட்டவணையைப் பாருங்கள்.

நாள் தேர்வுக்கு நம் வீட்டு தினசரி நாட்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில்தான் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் மிக அதிகம். அந்த நாட்களில் ஹிரோஷிமாக் கடற்கரையில் பொதுவாகக் காலை ஒன்பது பத்து மணியளவில் நீர் ஏறியிருக்கும், பிற்பகல் மூன்றரை நான்கு மணியளவில் வற்றும். பகல்நேரப் பயணிக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. அஷ்டமி வாக்கில் போனால் நீர் முழுதாக ஏறாது, முழுதாக வற்றவும் வற்றாது. ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். ஆகவே ‘போன வருடம் நண்பர் பத்து மணிக்குப் பார்த்தாராம்’ என்பதை நம்பாமல், உங்கள் தேதிக்கான வரியைப் பாருங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, இலை சிவக்கும் நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகும், செர்ரி பூக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கமும் அழகு, கூட்டமும் அதிகம். ஏப்ரல் கடைசியில் தொடங்கும் தொடர் விடுமுறை வாரத்தைக் குழுவோடு போகிறவர்கள் தவிர்ப்பது நல்லது. ஜூனில் மழை, ஆகஸ்டில் கடும் புழுக்கம். ஆகஸ்ட் 6-ஐ ஒட்டிய நாட்களில் அணுகுண்டு நினைவு நிகழ்ச்சிக்காக நகரமே நிறைந்துவிடும், பல அறைகள் சேர்ந்தாற்போல் கிடைக்காது.

3. எல்லா இரவும் ஒரே ஓட்டலில்

ஹிரோஷிமா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள். மூன்று நாளும் காலையில் அங்கிருந்துதான் கிளம்பப் போகிறீர்கள். நகர ஓட்டல்களில் அறைக்கு இருவர் என்பதே பொதுவிதி. மூன்றாவது படுக்கை அரிது, நம்மூர்போலக் கூடுதல் மெத்தை கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. குழந்தைகளின் வயதையும் சேர்த்து, சரியான எண்ணிக்கையோடு பதிவு செய்யுங்கள்.

மியாஜிமாவில் ஓர் இரவு ரியோகான் என்ற பாரம்பரிய விடுதியில் தங்கலாமா என்று பலர் கேட்பார்கள். பாய் விரித்த ஒரே அறையில் நான்கைந்து பேர் படுக்கலாம், பகல் கூட்டம் போன பிறகு தீவு அமைதியாகும். செலவுக்கு மனமிருந்தால் தங்குங்கள். ஆனால் இரவு உணவோடு சேர்த்துத்தான் பதிவு செய்ய வேண்டும். தீவின் உணவகங்களில் பெரும்பாலானவை மாலை ஐந்து மணியை ஒட்டி மூடிவிடும். உணவில்லாத அறையை எடுத்துக்கொண்டு, குழந்தைகளோடு இருட்டில் கடை தேடும் குழுக்களைத் தீவில் பார்க்கலாம்.

4. ரயில் டிக்கெட்டும் பெட்டிகளும்

ஷின்-ஒசாகா நிலையத்திலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹிரோஷிமா. கன்சாய் விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் மேற்கு ஜப்பான் ரயில்வேயின் ‘கன்சாய்–ஹிரோஷிமா’ ஐந்து நாள் பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023 அக்டோபரில் அதன் விலை 17,000 யென் ஆனது. ஷின்-ஒசாகா–ஹிரோஷிமா ஒருவழிக் கட்டணமே பத்தாயிரம் யெனைத் தாண்டுவதால், போய்வருவதிலேயே பாஸின் விலை வந்துவிடுகிறது. மியாஜிமாப் படகும் மூன்றாம் நாள் போகும் ஒனோமிச்சி ரயிலும் அதிலேயே அடங்கும். நாடு முழுவதற்குமான பாஸ் இந்தப் பயணத்துக்கு மட்டும் என்றால் வீண் செலவு.

இருக்கைப் பதிவு பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை பத்து மணிக்குத் திறக்கும். பன்னிரண்டு பேர் ஒரே பெட்டியில் உட்கார வேண்டுமானால் அன்றே போடுங்கள். ஷின்கான்சென் வகைகளில், நோசோமி ரயிலின் சாதாரண வகுப்பில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு இருக்கை. சக்குரா, மிசுஹோ ரயில்களின் முன்பதிவுப் பெட்டிகளில் இரண்டும் இரண்டும், அகலமும் கூடுதல். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால் இவற்றைத் தேடிப் பிடியுங்கள்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, பெட்டி வைக்கும் இடத்தோடு கூடிய இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணம் இல்லை. பதிவில்லாமல் ஏறினால் 1,000 யென். குழுவுக்கு இதைவிட நல்ல வழி, பெரிய பெட்டிகளை ஓட்டல் வரவேற்பில் கொடுத்து ‘தக்யூபின்’ சேவையில் அடுத்த ஊர் ஓட்டலுக்கே அனுப்பிவிடுவது. பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேரும். ஓர் இரவுக்கான துணியும் மருந்தும் மட்டும் தோளில் இருக்கட்டும். பன்னிரண்டு பெரிய பெட்டிகளை ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிடலாம் என்று நம்பாதீர்கள். பெரிய லாக்கர்கள் கொஞ்சம்தான், காலையிலேயே நிறைந்துவிடும்.

5. முதல் நாள்: அமைதி நினைவுப் பூங்கா, அவசரமில்லாமல்

அணுகுண்டு வீச்சில் எஞ்சிய குவிமாடக் கட்டடத்திலிருந்து தொடங்கி, ஆற்றைக் கடந்து, குழந்தைகள் நினைவுச் சின்னம், அமைதிச் சுடர், நினைவு வளைவு என்று தெற்கே நடந்து, கடைசியில் அருங்காட்சியகத்துக்குள் போங்கள். வெளியில் பார்த்த இடங்கள் 1945 ஆகஸ்ட் 6 காலை 8:15-க்கு என்ன ஆயின என்பது உள்ளே போனதும் விளங்கும்.

அருங்காட்சியக நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 200 யென்தான். ஆனால் நடுப்பகலில் உள்ளே நகர முடியாத கூட்டம். காலை 7:30-க்குத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம் இணையப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். குழுவுக்கு அதைப் பிடியுங்கள். அப்படியானால் வரிசையைத் திருப்பி, அருங்காட்சியகத்தை முதலில் முடித்து, பூங்காவைப் பிறகு நிதானமாக நடக்கலாம். இரண்டில் கூட்டமில்லாத நேரமே முக்கியம்.

உள்ளே குழுவாக நடக்க முயலாதீர்கள். இருண்ட அறைகளில், கருகிய பள்ளிச் சீருடையையும், மூன்று வயதுக் குழந்தையின் துருப்பிடித்த மூன்று சக்கர சைக்கிளையும் ஒவ்வொருவரும் அவரவர் வேகத்தில்தான் பார்க்க முடியும். சிலர் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் பத்து நிமிடம் நிற்பார்கள், சிலரால் நிற்கவே முடியாது. வெளியே சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டு உள்ளே விடுங்கள். இரண்டு மணி நேரம் கொடுங்கள். சின்னக் குழந்தைகளை உள்ளே அழைத்துப் போகலாமா என்பதைப் பெற்றோர் முதல்நாள் இரவே முடிவு செய்யட்டும். வாசலில் வைத்து விவாதிக்கும் விஷயம் இல்லை அது. வெளியே இருக்கிறவர்களுக்குப் பூங்காவே போதும்.

குழந்தைகளுக்கு ஒரு வேலை உண்டு. கதிர்வீச்சின் விளைவான புற்றுநோயால் பன்னிரண்டு வயதில் இறந்த சடாக்கோ சசாகியின் நினைவாக 1958-இல் எழுப்பப்பட்டது குழந்தைகள் நினைவுச் சின்னம். முந்தைய இரவு ஓட்டலில் எல்லோரும் உட்கார்ந்து காகிதக் கொக்கு மடியுங்கள். அவற்றை நூலில் கோத்து அங்கே வைக்கலாம். ஆயிரம் வேண்டும் என்றில்லை.

இதற்குப் பிறகு பிற்பகலில் இன்னொரு பெரிய இடத்தைத் திட்டத்தில் செருகாதீர்கள். மனம் கனத்திருக்கும், கால்களும் ஓய்ந்திருக்கும். ஆற்றங்கரையில் உட்காருங்கள், அல்லது கூரை போட்ட ஹொந்தோரி கடைவீதியில் நடங்கள்.

6. முதல் மாலை: ஒக்கோனோமியாகி, சாப்பிடுவதைவிடச் செய்வது மேல்

ஹிரோஷிமா ஒக்கோனோமியாகியில் மாவைத் தோசைபோல மெல்லியதாகத் தேய்த்து, மேலே மீன்தூள், ஒரு குன்று முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு, பன்றி இறைச்சித் துண்டு என்று அடுக்கிக் கவிழ்ப்பார்கள். பக்கத்தில் நூடுல்ஸ் வதங்கும், அதன்மேல் இது ஏறும், கடைசியில் உடைத்துப் பரப்பிய முட்டை, இனிப்பும் புளிப்புமான சாஸ்.

நகர மையத்தில் ‘ஒக்கோனோமிமுரா’ என்ற ஒரே கட்டடத்தின் மூன்று மாடிகளில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு கடைகள் இருக்கின்றன. பன்னிரண்டு பேரும் ஒரே கடையில் உட்கார வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். மூன்று நால்வரும் மூன்று கடை, எட்டரை மணிக்குக் கட்டடத்தின் கீழே சந்திப்பு. இது எளிதாக நடக்கும். கடைக்காரருக்கும் தொந்தரவில்லை.

எல்லோரும் சேர்ந்தே இருக்க வேண்டுமென்றால், ரயில் நிலையத்தின் வடக்குப் பக்கத்தில் சாஸ் தயாரிக்கும் ஒத்தாஃபுக்கு நிறுவனம் நடத்தும் ‘ஒக்கோஸ்தா’ சமையல் கூடத்தில் முன்பதிவு செய்யுங்கள். ஆளுக்கொரு கரண்டி, முன்னால் சூடான இரும்புத்தட்டு, சொல்லிக் கொடுக்க ஆள். முட்டைக்கோஸ் குன்று அப்படியே உயரமாக இருக்க, இரண்டு கரண்டியையும் அடிவரை செருகி, மணிக்கட்டை ஒரே வீச்சில் திருப்ப வேண்டும். தயங்கித் தயங்கித் தூக்கினால் பாதி தட்டில், பாதி மேடையில். குழந்தையிலிருந்து பாட்டிவரை எல்லோருக்கும் இதில் கை உண்டு என்பதால், குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு மணி நேரத்தை நான் அந்த ஊரில் பார்க்கவில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. மாவின்மேல் தூவும் மீன்தூளும் உண்டு, வழக்கமான சாஸிலேயே இறைச்சிச் சாறும் கலந்திருக்கும். மீன், இறைச்சி, முட்டை மூன்றையும் ஜப்பானிய மொழியில் தனித்தனியாக எழுதி, அவற்றின் சாறும் தூளும் கூடாது என்றும் சேர்த்த ஒரு சீட்டை ஒவ்வொரு நால்வரும் வைத்திருங்கள். சமையல் கூடத்தில் பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் சைவப் பொருட்களை எடுத்து வைக்க அவர்களால் முடியும்.

7. இரண்டாம் நாள்: மியாஜிமா, நீர்மட்டத்தின்படி

காலை எட்டு மணிக்குள் ஹிரோஷிமா நிலையத்திலிருந்து சான்யோ தடத்தில் கிளம்புங்கள். அரை மணிக்குள் படகுத் துறையுள்ள மியாஜிமாகுச்சி. நகர டிராமிலும் போகலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நெரிசலில் குழு சிதறும். அமைதிப் பூங்கா அருகிலிருந்து நேரடிப் படகும் உண்டு. 45 நிமிடத்தில் கொண்டுவிடும். ஆனால் ஆற்றுப் பாலங்களுக்கு அடியில் போக வேண்டியிருப்பதால் நீர் மிக அதிகமாக ஏறிய நேரத்தில் அது ஓடாமல் போகலாம். நீங்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த அமாவாசை, பௌர்ணமி நாளில் அதை நம்பியிருக்க வேண்டாம்.

துறையில் இரண்டு நிறுவனங்களின் படகுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பத்து நிமிடப் பயணம். ரயில்வே படகு காலை ஒன்பது மணிக்குச் சற்றுப் பிறகிலிருந்து பிற்பகல் நான்கு மணி வாக்குவரை தோரி வாயிலின் பக்கமாக வளைந்து போகும். வலப்பக்கம் நில்லுங்கள். 2023 அக்டோபரிலிருந்து தீவுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் 100 யென் வரி உண்டு. பணம் ஏற்றி வைத்திருக்கும் இக்கோகா பயண அட்டையைத் தட்டினால் தானாகக் கழியும். பாஸ் வைத்திருப்பவர்கள் அந்த 100 யெனுக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். இது தெரியாமல் வாயிலில் நின்று தடுமாறிப் படகைத் தவறவிடுவது அன்றாடம் நடக்கிறது. பொறுப்பாளர் ஒருவர் முன்னால் போய் மொத்தமாக எடுத்துவிடட்டும்.

தீவில் இறங்கியதும் வரிசை இப்படி இருக்கட்டும்:

முதலில் கோயில். நீர் ஏறியிருக்கும் நேரம் அது. மரத்தாழ்வாரப் பலகைகளின் இடைவெளி வழியே கீழே கடல் ததும்புவது தெரியும். பத்தரைக்குப் பிறகு சுற்றுலாப் பேருந்துகளின் கூட்டம் வந்துவிடும்.

பதினொரு மணிக்குள் மலை. மிசென் மலை 535 மீட்டர். துறையிலிருந்து ரோப்வே நிலையத்துக்கே அரை மணி நடை. முதல் ரோப்வேயில் எட்டுப் பேர் கூண்டு, சுமார் பத்து நிமிடம். பிறகு முப்பது பேர் ஏறும் பெரிய கூண்டுக்கு மாற வேண்டும். மேல்நிலையத்தோடு மலை முடிந்தது என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். உச்சிக்கு அங்கிருந்து இன்னும் அரை மணி, முதலில் இறங்கி, பிறகு படியேறி நடக்க வேண்டும். பெரியவர்கள் மேல்நிலையத்து முகப்பிலேயே உட்கார்ந்து உள்கடல் தீவுகளைப் பார்க்கலாம், அந்தக் காட்சி ஒன்றும் குறைந்ததில்லை. நடக்கிறவர்கள் உச்சிக்குச் சற்றுக் கீழே அணையாச் சுடர் உள்ள மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். முதல்நாள் பூங்காவில் பார்த்த அமைதிச் சுடரை 1964-இல் ஏற்றியபோது இங்கிருந்தும் தீ கொண்டு போனார்கள்.

மலையை மாலைக்குத் தள்ளுவதுதான் இங்கே மிகப் பெரிய தவறு. ரோப்வேயின் கடைசி இறக்கம் பிற்பகலிலேயே முடிந்துவிடும், அதற்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும். தவறவிட்டால் ஒன்றரை மணி நேரப் படிக்கட்டு இறக்கம்.

மலை வேண்டாம் என்கிற நால்வருக்கு தைஷோ-இன் கோயில் இருக்கிறது. படிக்கட்டின் கைப்பிடியோரம் சூத்திரங்கள் பொறித்த உருளைகளைச் சுழற்றியபடியே ஏறலாம். பின்னிய தொப்பி அணிந்த புத்தரின் ஐந்நூறு சீடர் சிலைகள் குழந்தைகளை நெடுநேரம் நிறுத்திவைக்கும். படகுத் துறைக்குப் பக்கத்துக் கைவினைக் கூடத்தில், மேப்பிள் இலை வடிவ மொமிஜி மஞ்சூ பலகாரத்தை வார்க்கும் பயிற்சியும் முன்பதிவில் கிடைக்கிறது.

மூன்றரைக்கு எல்லோரும் தோரி முன்னால் கூடுங்கள். நீர் வற்றிய மணலில் குட்டைகளும் வழுக்கும் பாசியும் இருக்கும். நல்ல காலணி வேண்டாம். வாயில் தூண்களின் விரிசலில் காசு செருகும் பழக்கம் மரத்தைக் கெடுக்கிறது. குழந்தைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். குழுப் படத்தை இங்கே எடுங்கள், இடம் தாராளம்.

மான்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றுக்கு உணவு கொடுக்கக் கூடாது. ஆனால் அவை கேட்காமலே எடுக்கும். பின்பையில் மடித்துச் செருகிய வரைபடத்தின் நுனியைப் பற்களால் மெல்லப் பிடித்து, நீங்கள் உணர்வதற்குள் பாதியை மென்றிருக்கும். ரயில் டிக்கெட், பாஸ் எல்லாம் ஜிப் போட்ட பையில் இருக்கட்டும்.

8. மூன்றாம் நாள்: ஷிமானாமி கைடோவில் பாதித் தூரம்

ஒனோமிச்சியிலிருந்து இமாபாரிவரை ஆறு தீவுகளைப் பாலங்களால் கோத்த சுமார் 70 கிலோமீட்டர் சைக்கிள் பாதை இது. கலப்புக் குழு முழுவதையும் ஓட்ட முயலக் கூடாது. ஒனோமிச்சியிலிருந்து இகுச்சி தீவின் செத்தோதாவரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதை ஓட்டிவிட்டு, படகில் 40 நிமிடத்தில் திரும்பலாம்.

ஹிரோஷிமாவிலிருந்து ஃபுக்குயாமாவரை ஷின்கான்சென், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் ஒனோமிச்சி. நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் வாடகை சைக்கிள் நிலையம். குழுவுக்கு முன்பதிவு அவசியம், குழந்தை சைக்கிள் எண்ணிக்கையில் குறைவு. சாதாரண சைக்கிளை வேறு நிலையத்தில் விட்டுவிடலாம், முன்பணம் மட்டும் திரும்பாது. மின்விசை உதவியுள்ள சைக்கிளை எடுத்த இடத்திலேயே கொடுக்க வேண்டும். இதைக் கேட்டுக்கொள்ளாமல் எடுத்தால் செத்தோதாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் தீவுக்குப் பாலத்தில் போகாமல் ஐந்து நிமிடப் படகில் போங்கள். அந்தப் பாலம் குறுகல், வண்டிகள் அதிகம். பிறகு சாலையோர நீலக் கோட்டைப் பின்பற்றினால் வழி தவறாது. பாலங்களுக்கு ஏறும் சரிவு மென்மையானதுதான், ஆனால் நீளம். வேகமானவர்கள் ஒவ்வொரு பாலத்தின் தொடக்கத்திலும் காத்திருப்பது என்று முன்பே பேசிவையுங்கள். இடப்பக்கம், ஒற்றை வரிசை, தலைக்கவசம்.

ஓட்டாதவர்கள் படகிலேயே செத்தோதா வரட்டும். இத்தாலியப் பளிங்கால் ஒரு குன்றையே மூடிய கோசான்ஜி கோயிலின் வெள்ளைத் தோட்டம், எலுமிச்சை ஐஸ்கிரீம், கடல்காற்று. ஓட்டுகிறவர்கள் பிற்பகலில் வந்து சேரும்வரை நேரம் இனிதாகப் போகும். திரும்பும் படகுகள் நாளுக்குச் சிலதான், சைக்கிள் ஏற்றும் இடமும் அளவானது. எந்தப் படகு என்பதைக் காலையிலேயே முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கிளம்பும் நேரத்தைக் கணக்கிடுங்கள்.

9. மழையும் காற்றும் வந்தால்

பலத்த காற்றிலும் இடியிலும் ரோப்வே நிற்கும், பராமரிப்புக்காகவும் சில நாட்கள் மூடுவார்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் பாருங்கள். மழையில் சைக்கிளை விட்டுவிடுங்கள். வார நாளாக இருந்தால் மாஸ்தா கார் நிறுவனத்தின் அருங்காட்சியகம் நல்ல மாற்று. கட்டணம் இல்லை, கார்கள் உருவாகும் தொழிற்கூடத்தையும் காட்டுகிறார்கள். முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பதால், வானிலை அறிக்கையில் மழை தெரிந்த அன்றே இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டாம் நாளையும் மூன்றாம் நாளையும் இடம் மாற்றிக்கொள்ள நேர்ந்தால், நீர்மட்ட அட்டவணையில் அடுத்த நாளின் வரியை மறுபடி பாருங்கள். ஏற்றம் ஐம்பது நிமிடம் தள்ளியிருக்கும், சந்திக்கும் நேரத்தையும் அதற்கேற்ப எல்லாப் பொறுப்பாளர்களுக்கும் புதிதாக அனுப்ப வேண்டும்.